மணிக்கு ஐந்து மைல்

மேரம் பேங்க் கேரவன் பூங்காவின் வாசலில் ஒரு வட்டத் தகட்டில் 5 என்று எழுதியிருக்கும். மணிக்கு ஐந்து மைல். அதைப் பார்க்காதவர் யாரும் கிடையாது. பார்த்தவர்கள் அதை ஒரு கடைக்காரன் சொன்ன முதல் விலையைப் போல எடுத்துக்கொண்டார்கள். மனசுக்குள் பேரம் பேசி, தங்களுக்குக் கட்டுப்படியாகிற ஒரு எண்ணில் முடித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

நான் அங்கே பதினாறு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். பால், ரொட்டி, எரிவாயு உருளை, கூடார ஆணி, மழைக்கோட்டு. என் ஜன்னலிலிருந்து பார்த்தால் வாசலும், வாசலிலிருந்து கடலணை வரை போகிற சாலையும் முழுக்கத் தெரியும். அரை மைல் நீளம். லிங்கன்ஷயர் கடற்கரையில் நிலம் சப்பாத்திப் பலகை மாதிரி இருக்கும். சாலைக்கு வளைவதற்குக் காரணமே கிடைக்கவில்லை. இரண்டு பக்கமும் கேரவன்கள், நடுவில் ஒரு நேர்கோடு. அதில் ஐந்து மைலில் போ என்று சொல்வது, பசியோடு வந்தவன் கையில் வறுத்த மீனைக் கொடுத்து, முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடு என்று சொல்வதைப் போன்றதுதான். ஆனாலும் அந்தச் சாலையில்தான் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டின. பாத்திரம் கழுவுகிற அறைக்கும் குளியலறைக்கும் எல்லோரும் அதில்தான் செருப்பும் துண்டுமாக நடந்தார்கள்.

பூங்காவைப் பார்த்துக்கொள்கிற வார்டன் ஹிலரி ஸ்டாபர்ட். ஐம்பத்தெட்டு வயது. இங்கே வருவதற்கு முன்பு கிரிம்ஸ்பியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிரே, நீளக் கம்பில் மாட்டிய பலகையைப் பிடித்துக்கொண்டு, பத்தொன்பது வருடம் பிள்ளைகளைச் சாலை கடக்க விட்டவள். எல்லோரையும் ‘கண்ணு’ என்றுதான் கூப்பிடுவாள், அறுபது வயதுக்காரராக இருந்தாலும். அன்பாகச் சொல்கிறாளா எச்சரிக்கிறாளா என்பது அவள் புருவத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

வேகத்தை அடக்க அவள் செய்து பார்க்காதது கிடையாது. ஈஸ்டருக்கு முன்னால் நான்கு ரப்பர் வேகத்தடைகள் போட்டாள். ஒரு தடையில் ஊர்ந்து ஏறி இறங்கியவர்கள், இழந்த நேரத்தை மீட்கிற மாதிரி அடுத்த தடை வரைக்கும் பறந்தார்கள். மே மாதம் புதுக் கேரவன் ஏற்றி வந்த லாரி ஒன்று இரண்டாவது தடையில் வயிறு தட்டி நின்றது. மறுநாளே பூங்காவின் முதலாளி ரோலண்ட் பிளேட்ஸ் நான்கையும் பிடுங்கச் சொல்லிவிட்டார். பிறகு ஹிலரி, ‘மெதுவாக ஓட்டவும், குழந்தைகள் விளையாடுகிறார்கள்’ என்று ஆறு இடத்தில் எழுதி ஒட்டினாள். அதில் ஒன்றின் கீழே யாரோ, ‘அவர்களையும் மெதுவாக விளையாடச் சொல்லவும்’ என்று எழுதிவைத்தார்கள். கையைக் காட்டி நிறுத்திக் கேட்டால், பத்தில்தானே வந்தேன் என்பார்கள். யாரைக் கேட்டாலும் பத்துதான்.

இந்த விஷயத்தில் ஹிலரிக்குப் பக்கபலமாக இருந்தவர் ஒரே ஒருவர். கேரவன்காரர்கள் சங்கத்தின் தலைவர் லயனல் டிரான்டர். எழுபத்தொரு வயது. சாலை போடும் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடலைப் பார்த்த வரிசையில் நான்காம் எண் கேரவனில் மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை தனியாக இருப்பார். இரண்டு விளக்குக் கம்பங்களுக்கு நடுவிலுள்ள தூரத்தை அளந்து வைத்திருந்தார். பூங்கா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வண்டியை நிறுத்துக் கடிகாரத்தில் கணக்கிட்டு, தேதி, நேரம், வண்டி எண், வேகம் எல்லாம் எழுதி ஹிலரியின் அலுவலகத்தில் கொண்டுவந்து கொடுப்பார். அந்த வருடம் ஜூலை முடிவதற்குள் இருபத்திரண்டு கடிதங்கள். ஹிலரி எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வைத்திருந்தாள். அதில் ரோலண்ட் பிளேட்ஸின் வண்டியும் இரண்டு முறை இருந்தது.

ஆகஸ்ட் முதல் வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணிக்கு அது நடந்தது.

நடுவரிசையில் ஏமஸ் விட்லாக் என்று ஒருவர் தன் சிறிய கேரவனோடு வந்து தங்கியிருந்தார். லெஸ்டரில் பியானோக்களுக்குச் சுருதி கூட்டுகிறவர். அதிகம் பேசமாட்டார். அன்று காலை, கேரவன்காரர்கள் எல்லோரும் செய்கிற அந்த வேலையைச் செய்யக் கிளம்பியிருந்தார். கழிவறைக்கு அடியில் இருக்கிற பெட்டியை உருவி, அதன் சின்னச் சக்கரங்களில் இழுத்துக்கொண்டு போய், கழிவு கொட்டுகிற இடத்தில் கொட்டி, அலசி, நீல மருந்து ஊற்றிக் கொண்டுவர வேண்டும். யாருக்கும் பிடிக்காத வேலை. அந்தப் பெட்டியோடு போகிறவரைப் பார்த்தால் எதிரே வருகிறவர் வணக்கம் சொல்லாமல் கடலைப் பார்ப்பது எங்கள் ஊர் மரியாதை.

அவர் பாதி வழி போயிருந்தபோது பின்னாலிருந்து வந்த வண்டி ஒன்று பெட்டியைத் தட்டிவிட்டுப் போயிற்று. பெட்டி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். நான் அப்போது கடைக்குப் பின்னால் பால் கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு ஓடினேன். முழங்காலிலிருந்து மார்பு வரை நீலமாக, சாலையில் உட்கார்ந்து வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“மூடிய நல்லா இறுக்கினேன்னுதான் நெனச்சேன்,” என்றார்.

இடித்தது என்ன வண்டி என்று கேட்டோம். முதுகுப் பக்கமாக ஏதோ வந்தது, போய்விட்டது, அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். ஆம்புலன்ஸ் வந்தது. உட்காரவைக்கும் முன் அதில் வந்த பெண்கள் இரண்டு பிளாஸ்டிக் விரிப்புகளைப் போட்டார்கள். மணிக்கட்டில் இரண்டு எலும்பு முறிந்திருந்தது. எட்டு வாரம் கட்டு.

அவர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புவதற்குள்ளேயே லயனலின் இருபத்துமூன்றாவது கடிதம் அலுவலகத்துக்கு வந்துவிட்டது. ஒன்பது மணி ஏழு நிமிடத்துக்கு ஒரு வெள்ளை வேன் அந்த இடத்தை இருபத்தெட்டு மைல் வேகத்தில் கடந்தது என்று எழுதியிருந்தார். வண்டி எண்ணும் இருந்தது. அது கெஸ்டர் பாயிலின் மீன் வேன். வெள்ளிக்கிழமைதோறும் நண்டும் ஹேடக் மீனும் புகையில் வாட்டிய ஹெர்ரிங்கும் கொண்டுவருவான். மீன் கெட்டுப்போவதற்குள் விற்றாக வேண்டும், அதனால்தான் விரட்டுகிறேன் என்பான். மீன் ஐஸில்தான் இருக்கும்.

கடிதத்தைப் படிக்கிற யாருக்கும் ஒரு அர்த்தம்தான் தோன்றும். ஹிலரிக்கும் அதுதான் தோன்றியது. அன்று மதியமே அவனைத் தொலைபேசியில் கூப்பிட்டு, இனி பூங்காவுக்குள் வரக் கூடாது என்று சொல்லிவிட்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

“வேகமாத்தான் போனேன், இல்லைங்கல,” என்றான் கெஸ்டர். “ஆனா நான் யாரையும் இடிக்கல. இடிச்சிருந்தா நின்னிருப்பேன்.”

“எல்லாரும் அப்படித்தாம்ப்பா சொல்றாங்க, கண்ணு,” என்று ஹிலரி வைத்துவிட்டாள்.

அடுத்த வெள்ளியிலிருந்து பூங்காவில் மீன் கிடையாது. ஜனங்கள் என் கடையில் டப்பா மீனை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்கள்.

 விபத்து நடந்த வாரக் கடைசி கழிந்து, திங்கட்கிழமை காலை ஹிலரி என் கடைக்கு வந்து, கால்விரலுக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி ஒரு பெட்டி வாங்கினாள். எதற்கு என்றேன்.

“பத்தொம்பது வருஷம் காரை நிறுத்தியிருக்கேன். நிறுத்தினா நிக்கிறான், விட்டா பறக்கிறான். அப்ப நிறுத்தி என்ன புண்ணியம்? முன்னாடியே நடந்து போயிட வேண்டியதுதான்.”

அன்றிலிருந்து அப்படித்தான் செய்தாள். மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பாள். வண்டி வந்தால், எந்த எண் கேரவன் என்று கேட்பாள். பிறகு அதற்கு முன்னால் சாலையின் நடுவில் நடக்க ஆரம்பிப்பாள். அந்த வண்டி அதன் இடத்துக்குப் போய்ச் சேரும்வரை நடந்து, திரும்பி வந்து, அடுத்ததைக் கூட்டிக்கொண்டு போவாள்; ஒன்றுக்கு மேல் வந்தால் வரிசையாகப் பின்னால் வர வேண்டும். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம், போக்குவரத்து அதிகமுள்ள வேளைகளில். அவள் நடை மணிக்கு மூன்று மைல். நல்ல காற்றடித்தால் இரண்டரை.

முதல் நாள் ஹாரன் அடித்தார்கள். ஹிலரிக்குக் காது நன்றாகவே கேட்கும், திரும்பிப் பார்க்கவில்லை. நாட்டிங்ஹாமிலிருந்து வந்த ஒருவர் இறங்கி வந்து, இதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று கேட்டார். நான் என் பாட்டுக்கு நடக்கிறேன், நீங்கள்தான் பின்னாலேயே வருகிறீர்கள் என்றாள். கடைத்தெருவிலிருந்து ஐஸ்கிரீம் வாங்கி வந்த ஒரு குடும்பம், அரை மைல் முழுக்க அதை அவசர அவசரமாகச் சாப்பிட்டுக்கொண்டே வந்தது. ரோலண்ட் பிளேட்ஸ் புதன்கிழமை வந்தார். அவர் வண்டிக்கு முன்னாலும் நடந்தாள். இது எத்தனை நாளைக்கு என்று அவர் ஜன்னல் வழியாகக் கேட்டார். நீங்கள் வேறு வழி கண்டுபிடிக்கிற வரைக்கும் என்றாள். அவர் கண்டுபிடிக்கிற ஆள் இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

இரண்டாவது வாரத்தில் ஒரு மாற்றம் வந்தது. ஜன்னலை இறக்கிவிட்டு அவளோடு பேச ஆரம்பித்தார்கள். அந்த வேகத்தில் ஓட்டுவதற்கு ஒன்றும் இல்லை, பேசத்தான் முடியும். அவளும் வண்டிக்கு முன்னாலிருந்து கொஞ்சம் பக்கவாட்டில் விலகி, ஓட்டுகிறவரின் கண்ணாடியை ஒட்டி நடப்பாள். மகள் வேலையை விட்டது, டாக்டர் சொன்னது, பக்கத்துக் கேரவன்காரர் குறட்டை விடுவது எல்லாம் அவளுக்குத் தெரியவந்தது. மாலையில் என் கடை வாசலில் உட்கார்ந்து, காலணியைக் கழற்றிப் போட்டுவிட்டு, யாருடைய பெயரையும் சொல்லாமல் கொஞ்சம் கொஞ்சம் சொல்வாள். குதிகாலில் வலி வந்திருந்தது. அதைச் சொல்லமாட்டாள்.

லயனல் டிரான்டர் மட்டும் அந்த நாட்களில் காரை எடுக்கவே இல்லை. ரொட்டிக்கும் பாலுக்கும் நடந்தே வந்தார். கடிதமும் எழுதவில்லை. ஹிலரி நடப்பதால் எழுத ஒன்றும் இல்லாமல் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் கடைசி வார விடுமுறை வந்தது. சனிக்கிழமை காலையில் வாசலில் தொடங்கிய வரிசை பெருஞ்சாலை வரைக்கும் நின்றது; ஹிலரி மதியமும் நடந்தாள். அன்று லயனல் வெளியே போயிருந்தார்; அக்கா வீட்டில் ஏதோ சாப்பாடு. பன்னிரண்டு மணி சுமாருக்கு வரிசையில் அவருடைய வெள்ளிநிறக் கார் வந்து நின்றது. நாற்பது நிமிடம் காத்திருந்த பிறகு அவர் முறை வந்தது. ஹிலரி எண்ணைக் கேட்கவில்லை. நடக்க ஆரம்பித்தாள். லயனல் ஜன்னலை இறக்கினார்.

அதற்குப் பிறகு நடந்ததை ஹிலரி எனக்குச் சொன்னாள்; பிறகு லயனலும் சொன்னார். இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

முதல் நூறு கஜம் அவர் வானிலை பற்றிப் பேசினார்.  பாத்திரம் கழுவுகிற அறையைத் தாண்டும்போது, கால் வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றாள். பொய் சொல்ல வேண்டாம், நொண்டுகிறாய் என்றார். பிறகு, முன்கண்ணாடி வழியாக நேரே பார்த்துக்கொண்டு சொன்னார்.

“விட்லாக்கை இடிச்சது மீன் வேன் இல்ல, ஹிலரி. நான்தான்.”

ஹிலரி நிற்கவில்லை. நின்றால் பின்னால் வருகிற வண்டிகள் எல்லாம் நிற்க வேண்டியிருக்கும்.

“எவ்வளவு வேகம்?” என்று மட்டும் கேட்டாள்.

“இருபத்தெட்டுக்கு மேல. வேனை எட்டிப் பிடிக்கணும்ல.”

அன்று காலை வழக்கம்போல நாற்காலியில் உட்கார்ந்திருந்தாராம். கெஸ்டரின் வேன் போயிற்று. வேகம் கிடைத்துவிட்டது, வண்டி எண்ணின் கடைசி இரண்டு எழுத்துகள் கிடைக்கவில்லை. எண் இல்லாத கடிதத்தை எழுதி அவருக்குப் பழக்கம் இல்லை. பக்கத்திலேயே நின்ற தன் காரை எடுத்துக்கொண்டு துரத்தினார். கண் முழுக்க வேனின் பின்பக்கத்தில் இருந்தது. ஏதோ தட்டிய சத்தம் கேட்டது. கண்ணாடியில் பார்த்தார், ஒரு ஆள் எழுந்து உட்காருவது தெரிந்தது. உயிரோடு இருக்கிறான், முதலில் எண்ணை எழுதிவிட்டுத் திரும்பலாம் என்று நினைத்தாராம். எண்ணை எழுதினார். திரும்பவில்லை. கடலணைப் பக்கம் யாரும் அதிகம் போகாத பின்பக்க வாயிலால் வெளியே போய், நாலு மைல் தள்ளி ஒரு பெட்ரோல் நிலையத்தில் காரைக் கழுவினார். கதவின் கீழ்ப்பக்கத்தில் நீலம் போகவே இல்லை, கையால் தேய்த்தார்.

“கடுதாசியில நான் ஒரு வார்த்தைகூடப் பொய் எழுதல,” என்றார். “அத நெனச்சாத்தான் எனக்குக் கேவலமா இருக்கு.”

கடலணை வந்துவிட்டது. அவர் காரை நான்காம் எண்ணில் நிறுத்தினார். வாசலில் முப்பது வண்டிகள் நிற்கின்றன என்பது ஹிலரிக்குத் தெரியும். அவள் அந்தச் சட்டையைப் போட்ட பிறகு வரிசையை விட்டது அன்று ஒருநாள்தான்.

“எறங்குங்க, கண்ணு,” என்றாள். “நடந்தே போவோம்.”

விட்லாக் தன் முன்கூடாரத்தில் உட்கார்ந்து, இடது கையால் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். ரொட்டி தட்டில் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருந்தது. லயனல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார், ஒன்றையும் விடாமல், நேரம், வேகம் எல்லாம் உட்பட. மன்னிப்பும் கேட்டார். போலீசில் சொல்வதென்றால் தானே கூடவருவதாகச் சொன்னார்.

விட்லாக் கத்தியைக் கீழே வைத்தார். 

“எனக்கு வேலை கையிலதான் இருக்கு, மிஸ்டர் டிரான்டர்,” என்றார். “கிறிஸ்துமஸுக்கு முன்னாடி நான் ஒரு பியானோவையும் தொட முடியாது.”

“தெரியும்.”

“இன்னொண்ணு. இந்த மூணு வாரமா அந்தப் பெட்டியை ஒத்தக் கையால இழுத்துட்டுப் போறேன். தூக்கிக் கவுக்க முடியல. தெனமும் யாரையாவது கெஞ்ச வேண்டியிருக்கு. நான் கெஞ்சறதுக்குன்னு யாரும் நிக்கறதில்ல. எல்லாரும் கடலைப் பாக்கறாங்க.”

லயனலுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டார்.

“எட்டு மணிக்கு,” என்றார் விட்லாக். “போலீசு வேணாம். பெட்டி போதும்.”

அன்று சாயங்காலம் ஹிலரி கெஸ்டரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டாள். அவன் அவளை எளிதில் விடவில்லை. மூன்று வெள்ளிக்கிழமையாகத் தன் பெயர் கடற்கரை நெடுக நாறிப்போயிருக்கிறது, மீனே பரவாயில்லை என்றான். அடுத்த வெள்ளி வந்தான். வாசலில் ஹிலரியைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தி, “நடங்க, மகராணி, பின்னாலயே வர்றேன்,” என்றான். அவன் வேனைச் சுற்றிக் கூடியவர்களில் லயனலும் இருந்தார். எல்லோர் முன்னாலும் அவனிடம் மன்னிப்புக் கேட்டார். கெஸ்டர் ஒரு பெரிய நண்டைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்து, வீட்டுக்குப் போய் எத்தனை கால் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து எழுதிவையுங்கள் என்றான். ஜனங்கள் சிரித்தார்கள். லயனல் சிரிக்கவில்லை, ஆனால் நண்டை வாங்கிக்கொண்டார்.

இருபத்துநான்காவது கடிதம் அவரே தன்னைப் பற்றி எழுதியது. தலைவர் பதவியை விடுவதாகவும் அதில் இருந்தது. பத்து வருடத்துக்கு ஒரு புதுக் கேரவனைத் தன்னிடம் வாங்குகிற ஆள் லயனல் என்பதால், ரோலண்ட் பிளேட்ஸ் இதைப் பேசாமல் விட்டுவிடலாம் என்றார். ஹிலரி விடவில்லை. பருவம் முடியும்வரை லயனலின் கார் வாசலுக்கு வெளியேதான் நிற்க வேண்டும் என்று எழுத்தில் கொடுத்தாள். அதற்குள் அவர் காரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்.

காலை எட்டு மணிக்கு அவர் பெட்டியை இழுத்துக்கொண்டு போவதை நான் ஜன்னலிலிருந்து பார்ப்பேன். முதல் வாரம் தலையைக் குனிந்துகொண்டு போனார். எதிரே வந்தவர்கள் வழக்கப்படி கடலைப் பார்த்தார்கள். இரண்டாவது வாரம் விட்லாக்கும் கூட நடந்து வந்தார், கட்டுப்போட்ட கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு. என்ன பேசினார்கள் என்று தெரியாது. ஒருநாள் கடைக்கு வந்தபோது, பியானோவில் எண்பத்தெட்டுக் கட்டைகளுக்கு இருநூற்றுக்கும் மேல் கம்பிகள் இருக்கின்றன, உனக்குத் தெரியுமா என்று லயனல் என்னிடம் கேட்டார். தெரியாது என்றேன்.

செப்டம்பர் நடுவில் டாக்டர் ஹிலரியின் குதிகாலைப் பார்த்துவிட்டு, ஆறு வாரம் நடக்கவே கூடாது என்றார். அவள் மஞ்சள் சட்டையைக் கழற்றிவிட்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். ஜனங்கள் ஜன்னலை இறக்கிக்கொண்டு அவளிடம் நின்று பேசிவிட்டுப் போனார்கள். பேசி முடித்தவுடனே யாராலும் பறக்க முடியவில்லை. லயனல் அளந்து பார்த்தார். சராசரி பதினொன்று. வருட ஆரம்பத்தில் பத்தொன்பது. பதினொன்று ஐந்து இல்லை என்றாள் ஹிலரி. இல்லைதான் என்றார் லயனல்.

மாதக் கடைசியில் விட்லாக் கட்டை அவிழ்த்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பினார். விரல்கள் இன்னும் முழுக்க மடங்கவில்லை. லயனல் கேரவனைக் காரோடு இணைக்க உதவி செய்து, பின்விளக்குகள் எரிகின்றனவா என்று பார்த்துச் சொன்னார். இருவரும் இடது கையால் கைகுலுக்கிக்கொண்டார்கள். வண்டி கிளம்பிச் சாலையில் வந்தது. நானும் ஹிலரியும் வாசலில் இருந்தோம். கையை ஆட்டிக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனார். பதினைந்துக்குக் குறையாது.

ஹிலரி பார்த்துக்கொண்டே இருந்தாள். வண்டி பெருஞ்சாலையில் திரும்பி மறைந்தது.

“ஊருக்குப் போற அவசரம்,” என்று சொல்லிவிட்டு, டீ போட எழுந்தாள்.